பொருள்நோக்கு இணையச் செயலிகளில் நினைவகப் பொருள்களின் நிலைபேறு: இணைய அகராதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இணையச் செயலி ஒன்றில் உருவாக்கப்படும் பொருள்கள் ஒரு கோரிக்கையிலிருந்து மற்றொரு கோரிக்கைக்கும், வழங்கியின் ஓர் இயக்கத்திலிருந்து மறு இயக்கத்திற்கும் எவ்வாறு நிலைத்திருக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நினைவகத்தில் வாழ்தல், வட்டில் நிலைபெறுதல் ஆகிய இரண்டும் வெவ்வேறானவை; இவற்றை ஒன்றெனக் கொள்வதே தரவிழப்பிற்கு முதன்மைக் காரணமாகிறது என்பது இக்கட்டுரையின் மையக்கருத்து. பலர் கூடித் திருத்தும் தமிழ் இணைய அகராதி ஒன்று எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. ஆயுள் எல்லைகள், ஒருங்கியல் முரண்கள், தமிழ் ஒருங்குறிச் சரங்களின் தனித்தன்மைகள், கட்டளைப் பதிவேட்டு முறை ஆகியன வரிசையாக ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பொருள்நோக்கு நிரலாக்கம், நிலைபேறு, அமர்வு, ஒருங்குறி, கட்டளைப் பதிவேடு, நிலைப்படிமம், கணினித்தமிழ்.

1. முன்னுரை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வகராதி இன்று இணையத்திலும் தேடக் கிடைக்கிறது. அச்சு அகராதியில் ஒரு திருத்தம் அடுத்த பதிப்புவரை காத்திருக்கும். இணைய அகராதியிலோ பதிப்பாசிரியர் ஒருவர் காலையில் செய்த திருத்தம் அந்நொடியே பயனருக்குக் கிடைக்க வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. அத்திருத்தம் மாலையில் வழங்கி நின்று மீண்டும் இயங்கிய பின்னரும் இருக்குமா என்பதுதான் எழும் வினா.

பலர் பங்கேற்கும் அகராதிப் பணியில் இவ்வினா வெறும் தொழில்நுட்ப வினாவன்று. ஒரு சொல்லுக்குரிய வேறுபட்ட பொருளை வழக்காற்றிலிருந்து கண்டறிந்து, மேற்கோள் காட்டிப் பதிவு செய்யும் உழைப்பு, ஒரு நிரல் வடிவமைப்புப் பிழையால் சுவடின்றி மறைந்துவிடக்கூடும். எனவே மொழித்தரவுத் திட்டங்களை வழிநடத்தும் தமிழ்த்துறையினரும் இதன் அடிப்படைகளை அறிந்திருத்தல் பயன்தரும்.

கலைச்சொல் குறித்து ஒரு விளக்கம் இங்குத் தேவைப்படுகிறது. ‘பொருள்’ என்னும் சொல் அகராதியியலில் அர்த்தத்தையும் கணினியியலில் தரவும் செயலும் இணைந்த நிரலலகையும் குறிக்கும். இக்கட்டுரையில் ‘பொருள்’ என்பது நிரலலகை மட்டுமே குறிக்கிறது. அர்த்தம் ‘சொற்பொருள்’ எனச் சுட்டப்படுகிறது.

2. நிலையற்ற நெறிமுறையும் நிலைத்த பொருளும்

இணையத்தின் அடிப்படையான எச்.டி.டி.பி. நெறிமுறை நிலையற்றது. அதாவது, ஒவ்வொரு கோரிக்கையும் தன்னளவில் முழுமையானது. முந்தைய கோரிக்கையைப் பற்றிய நினைவு எதுவும் நெறிமுறையில் இல்லை. இக்குறையை ஈடுசெய்ய நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொண்டுல்லி 1994இல் குக்கி என்னும் உத்தியை உருவாக்கினார். உலாவி ஒவ்வொரு கோரிக்கையுடனும் ஒரு சிறு அடையாளத்தைத் திருப்பி அனுப்புவதால், வந்தவர் முன்பு வந்தவரே என வழங்கி அறிகிறது. ஆயினும் குக்கி தருவது அடையாளம் மட்டுமே. அவ்வடையாளத்திற்கு உரிய பொருள்கள் எங்கே இருக்கின்றன என்பது செயலியின் கட்டமைப்பைப் பொறுத்தது.

இக்கட்டமைப்பு இருவகைப்படும். பி.எச்.பி. மொழியின் வழக்கமான இயக்கத்தில், கோரிக்கை வந்ததும் நிரல் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. வேண்டிய பொருள்கள் உருவாகின்றன. விடை அனுப்பப்பட்டதும் அவை அனைத்தும் அழிகின்றன. அடுத்த கோரிக்கை வெற்று நினைவகத்துடன் தொடங்குகிறது. இதில் ஒரு கோரிக்கையின் பிழை மற்றொன்றைத் தாக்காது என்பது நன்மை. ஒவ்வொரு முறையும் அனைத்தையும் மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும் என்பது இழப்பு.

ஜாவா செர்வ்லெட் போன்ற கட்டமைப்புகளில் வழங்கியின் செயல்முறை தொடர்ந்து இயங்குகிறது. ஒரு கோரிக்கையில் உருவான பொருள் அடுத்த கோரிக்கையிலும் அதே முகவரியில், அதே பொருளாக இருக்க முடியும். முதன்மை நினைவகத்தில் ஒரு தரவை அணுக ஏறத்தாழ 100 நானோநொடியும், சுழல் வட்டில் அணுக ஏறத்தாழ 10 மில்லிநொடியும் ஆகும். இடைவெளி ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. ஒரு லட்சம் தலைச்சொற்களையும் நினைவகத்திலேயே வைத்திருக்கும் அகராதி விரைந்து இயங்குவதற்கு இதுவே காரணம்.

3. பொருளின் ஆயுளைத் தீர்மானிப்பது சுட்டு

நினைவகத்தில் ஒரு பொருள் எவ்வளவு காலம் வாழும் என்பதை அதனைச் சென்றடையும் சுட்டுகளே தீர்மானிக்கின்றன. குப்பை திரட்டி எனப்படும் நினைவக மேலாண்மைப் பகுதி, வேர்ச் சுட்டுகளிலிருந்து தொடங்கிச் சென்றடையக்கூடிய பொருள்களை விட்டுவைக்கிறது. சென்றடைய இயலாதவற்றை நீக்குகிறது. ஆகவே ஒரு பொருளை நிலைத்திருக்கச் செய்வதென்பது, நீண்ட ஆயுளுடைய ஒன்று அதனைச் சுட்டுமாறு அமைப்பதேயாகும்.

செர்வ்லெட் கட்டமைப்பில் இவ்வாறு சுட்டுவதற்கு மூன்று எல்லைகள் உள்ளன.

அ. கோரிக்கை எல்லை: ஒரு கோரிக்கை முடியும்வரை மட்டும் வாழ்பவை. தேடல் முடிவுகளின் பட்டியல் இதற்குப் பொருந்தும்.

ஆ. அமர்வு எல்லை: ஒரு பயனர் தொடர்ந்து செயல்படும்வரை வாழ்பவை. டாம்கேட் வழங்கியில் இயல்பமைவாக 30 நிமிடம் செயல்பாடு இல்லையெனில் அமர்வு கலைக்கப்படும். பி.எச்.பி.யில் இதற்கு நிகரான இயல்பமைவு 1440 நொடி, அதாவது 24 நிமிடம்.

இ. செயலி எல்லை: வழங்கி இயங்கும்வரை எல்லாப் பயனர்க்கும் பொதுவாக வாழ்பவை. அகராதியின் சொல்லட்டவணை இதில் அடங்கும்.

எந்தப் பொருளை எந்த எல்லையில் வைப்பது என்பதில் நேரும் பிழைகள் இருமுனையிலும் தீங்கு தருபவை. பதிப்பாசிரியர் எழுதிக்கொண்டிருக்கும் வரைவை அமர்வில் மட்டும் வைத்தால், அவர் நூலகத்தில் மேற்கோள் தேடித் திரும்புவதற்குள் 30 நிமிடம் கடந்து வரைவு அழியலாம். மறுதலையாக, ஒவ்வொரு பயனரின் தேடல் வரலாற்றையும் செயலி எல்லையில் உள்ள அட்டவணையில் சேர்த்து, நீக்க மறந்தால், சுட்டுகள் எஞ்சியிருப்பதால் குப்பை திரட்டி அவற்றைத் தொடாது. நினைவகம் சிறிது சிறிதாக நிரம்பி, சில நாள்களில் வழங்கி நின்றுவிடும். இதுவே நினைவகக் கசிவு.

அமர்வில் எதை வைப்பது என்பதற்கு அகராதியே நல்ல எடுத்துக்காட்டைத் தருகிறது. அகராதிப் பதிவுகள் ‘காண்க’ என்னும் குறிப்பால் ஒன்றையொன்று சுட்டுகின்றன. நினைவகத்தில் இக்குறிப்பை நேரடிச் சுட்டாகவே அமைக்கலாம். ஆனால் அமர்வைக் கோப்பில் சேமிக்கும்போது, ஒரு பொருளும் அது சுட்டும் அனைத்தும் சேர்ந்தே தொடராக்கம் பெறும். ஒரு தலைச்சொல்லை அமர்வில் வைத்தால், அது சுட்டும் சொல், அச்சொல் சுட்டும் சொல் எனச் சங்கிலி நீண்டு, அகராதியின் பெரும்பகுதியே ஒரு பயனரின் அமர்வுக்குள் புகுந்துவிடலாம். அன்றியும், மீட்டெடுக்கும்போது கிடைப்பவை மூலப்பொருள்கள் அல்ல, அவற்றின் படிகள். படியில் செய்யும் திருத்தம் மூலத்தைச் சேராது. எனவே அமர்வில் பதிவின் அடையாள எண்ணை மட்டும் வைத்து, பதிவைச் செயலி எல்லையிலிருந்து பெறுதலே முறை.

4. ஒரே பொருளைப் பலர் தொடும்போது

செயலி எல்லையில் உள்ள பொருளை ஒரே நேரத்தில் பல இழைகள் அணுகுகின்றன. ‘இச்சொல் எத்தனை முறை தேடப்பட்டது’ என எண்ணும் எளிய செயலும் படித்தல், கூட்டுதல், எழுதுதல் என மூன்று படிகளால் ஆனது. இரு இழைகள் 41 என்னும் எண்ணை ஒருங்கே படித்து, இரண்டும் 42 என எழுதினால் ஒரு தேடல் கணக்கில் வராது போகும். ஜாவாவின் ஹேஷ்மேப் போன்ற பொதுவான அட்டவணைகள் இத்தகைய ஒருங்கணுகலைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. ஒரே நேரத்தில் பல இழைகள் எழுதினால் பதிவுகளே தொலையக்கூடும். 2004இல் வெளிவந்த ஜாவா 5 பதிப்பில் கன்கரண்ட்ஹேஷ்மேப் இதற்கெனவே சேர்க்கப்பட்டது.

ஆனால் இழைகளுக்கிடையிலான பூட்டு ஒரு பகுதியையே தீர்க்கிறது. பதிப்பாசிரியர் இருவர் ஒரே பதிவைக் காலை பத்து மணிக்குத் திறக்கின்றனர் எனக் கொள்வோம். முதலாமவர் பத்தரை மணிக்குப் புதிய சொற்பொருளைச் சேர்த்துச் சேமிக்கிறார். இரண்டாமவர் பதினொரு மணிக்கு எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தி, தம் திரையிலுள்ள பழைய பதிவு முழுவதையும் சேமிக்கிறார். எந்தப் பூட்டும் மீறப்படவில்லை. இருப்பினும் முதலாமவரின் சொற்பொருள் அழிந்துவிட்டது. இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பதிவிலும் பதிப்பெண் ஒன்று வைக்கப்படுகிறது. பதிவைத் திறந்தபோது இருந்த எண்ணும் சேமிக்கும்போது உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்மட்டுமே திருத்தம் ஏற்கப்படும். வேறுபட்டால், இடையில் நேர்ந்த மாற்றம் இரண்டாமவருக்குக் காட்டப்படும். முடிவெடுக்கும் பொறுப்பு மனிதரிடமே விடப்படுகிறது. அகராதிப் பணியில் இதுவே தகும்.

வழங்கியில் பல செயல்முறைகள் இயங்கும்போது சிக்கல் மேலும் வளர்கிறது. பைத்தான் செயலிகள் பெரும்பாலும் பல பணிச்செயல்முறைகளாக இயக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். ஆகவே தனி அகராதிப் படி. நான்கு செயல்முறைகளுள் ஒன்றில் செய்த திருத்தம் மற்ற மூன்றுக்கும் தெரியாது. பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஒருமுறை புதிய சொற்பொருளும் மறுமுறை பழையதும் தோன்றினால், காரணம் இதுவாக இருக்க வாய்ப்புண்டு. எழுதும் பணியை ஒரே செயல்முறைக்கு ஒதுக்குவதும், 2009இல் சால்வத்தோரே சான்ஃபிலிப்போ வெளியிட்ட ரெடிஸ் போன்ற பொது நினைவக வழங்கியைப் பயன்படுத்துவதும் இதற்கான தீர்வுகள். பின்னதில் பொருள்கள் வலையமைப்பு வழியே படிகளாக வந்துபோவதால், நேரடிச் சுட்டின் நன்மை ஓரளவு இழக்கப்படுகிறது.

5. நினைவகத்தில் தமிழ்ச் சரங்கள்

தமிழ்த் தரவைப் பொருள்களாக நினைவகத்தில் வைக்கும்போது இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது அளவு. ‘சொல்’ என்னும் சொல் ஒருங்குறியில் சகரம், ஒகர உயிர்க்குறி, லகரம், புள்ளி என நான்கு குறியீட்டெண்களால் ஆனது. யு.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டெண்ணும் 3 பைட் கொள்வதால் இது கோப்பில் 12 பைட், யு.டி.எஃப்.-16 முறையில் 8 பைட். 2017இல் வெளிவந்த ஜாவா 9 முதல், இலத்தீன் எழுத்துச் சரங்கள் எழுத்துக்கு ஒரு பைட்டாகச் சுருக்கப்படுகின்றன. தமிழ்ச் சரங்களுக்கு இச்சலுகை இல்லை. எழுத்துகளைவிடப் பொருளின் தலைப்பகுதியே மிகுந்த இடம் பிடிக்கும் என்பதும் நோக்கத்தக்கது. 64 பிட் ஹாட்ஸ்பாட் இயந்திரத்தின் வழக்கமான அமைவில் ‘சொல்’ என்னும் 8 பைட் உரைக்குச் சரப்பொருள் 24 பைட், அதன் எழுத்தணி 24 பைட் என மொத்தம் 48 பைட் தேவை. பிற புலங்களையும் சேர்த்து ஒரு பதிவுக்குச் சராசரியாக 2 கிலோபைட் எனக் கொண்டால், ஒரு லட்சம் பதிவுகளுக்கு ஏறத்தாழ 200 மெகாபைட் ஆகும். இன்றைய வழங்கிகளுக்கு இது பெருஞ்சுமையன்று. முழு அகராதியையும் நினைவகத்தில் வைக்கும் வடிவமைப்பு நடைமுறைக்கு ஏற்றதே என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இரண்டாவது செய்தி அடையாளம் பற்றியது. அளவைவிட முதன்மையானதும் இதுவே. ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீட்டெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறியும் ஆகாரக் குறியும் அடுத்தடுத்து வரும் இரு குறியீட்டெண்களாகவும் எழுதலாம். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இத்தகைய இரட்டை வடிவம் உண்டு. இரண்டும் சமமானவை என ஒருங்குறித் தரம் வரையறுக்கிறது. திரையிலும் அவை ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் நினைவக அட்டவணையின் ஒப்பீட்டுச் செயல் எண்களையே ஒப்பிடுவதால், அதன் பார்வையில் அவை இருவேறு திறவுகள். பழைய எழுத்துருக் குறியாக்கத்திலிருந்து மாற்றப்பட்ட தரவில் பிரிந்த வடிவமும், பயனரின் விசைப்பலகையில் இணைந்த வடிவமும் வந்தால், அகராதியில் இருக்கும் சொல்லே ‘இல்லை’ எனக் காட்டப்படும். அதைவிடத் தீங்கானது, ஒரே தலைச்சொல்லுக்கு இரு பொருள்கள் உருவாகித் திருத்தங்கள் இரண்டிலும் பிரிந்து சேர்வது. எனவே பொருளை உருவாக்கும் இடத்திலேயே, எல்லாச் சரங்களும் என்.எஃப்.சி. எனப்படும் இணைந்த இயல்வடிவத்திற்கு மாற்றப்பட வேண்டும். தேடும் சொல்லுக்கும் இவ்விதி பொருந்தும்.

6. வழங்கி நின்றபின்: கட்டளைப் பதிவேடும் நிலைப்படிமமும்

இதுவரை கூறியவை நினைவகத்தில் வாழ்தலைப் பற்றியவை. மின்தடை நேர்ந்தாலோ, புதிய பதிப்பு நிறுவப்பட்டாலோ நினைவகம் முழுவதும் வெறுமையாகும். பொருளின் ஆயுள் அது இயங்கும் செயல்முறையின் ஆயுளைக் கடப்பதே நிலைபேறு. நிரல் மொழியே இதனைத் தர வேண்டும் என்னும் சிந்தனையை 1980களின் தொடக்கத்தில் மால்கம் அட்கின்சன், ரான் மாரிசன் முதலியோர் பி.எஸ்.-அல்கால் மொழி வழியாக முன்வைத்தனர். வேரிலிருந்து சென்றடையக்கூடிய பொருள்கள் தாமாகவே நிலைபெறும் என்பது அதன் கோட்பாடு.

இக்கோட்பாட்டை இணையச் செயலியில் நடைமுறைப்படுத்தியவற்றுள் பைத்தான் சார்ந்த சோப் கட்டமைப்பின் பொருள் தரவுத்தளமான இசட்.ஓ.டி.பி. குறிப்பிடத்தக்கது. அதில் பெர்சிஸ்டண்ட் என்னும் இனக்குழுவின் வழிவந்த பொருள் மாற்றப்பட்டால், அமைப்பு அதனைத் தானே உணர்ந்து சேமிக்கிறது. ஆனால் அப்பொருளுக்குள் இருக்கும் சாதாரணப் பட்டியலில் ஓர் உறுப்பைச் சேர்த்தால், பொருளின் புலம் மாற்றியெழுதப்படாததால் மாற்றம் உணரப்படுவதில்லை. நினைவகத்தில் திருத்தம் தெரியும். மறு இயக்கத்திற்குப் பின் இராது. நிலைபெறும் பட்டியல் வகையைப் பயன்படுத்துதலும், மாற்றத்தை வெளிப்படையாக அறிவித்தலும் இதற்குத் தீர்வுகள்.

மற்றொரு முறை, கிளாஸ் வூஸ்டெஃபெல்ட் 2001இல் தொடங்கிய பிரிவெய்லர் திட்டத்தால் அறியப்பட்டது. இதில் பொருள்கள் அனைத்தும் நினைவகத்திலேயே இருக்கும். வட்டில் எழுதப்படுவன அவற்றை மாற்றும் கட்டளைகள் மட்டுமே. அகராதியில் ‘இந்தப் பதிவில் இந்தச் சொற்பொருளைச் சேர்’ என்பது ஒரு கட்டளைப் பொருள். வழங்கி மீண்டும் தொடங்கும்போது பதிவேட்டிலுள்ள கட்டளைகள் அதே வரிசையில் மீள இயக்கப்பட, பழைய நிலை மீள்கிறது. பதிவேடு நீண்டுகொண்டே போவதைத் தவிர்க்க, அவ்வப்போது முழு நிலையும் ஸ்னாப்ஷாட் எனப்படும் நிலைப்படிமமாகச் சேமிக்கப்படும். அதன்பின் வந்த கட்டளைகளை மட்டும் மீள இயக்கினால் போதும்.

இம்முறையின் நம்பகத்தன்மை வரிசையில் அடங்கியுள்ளது. கட்டளையைச் சரிபார்த்தல், பதிவேட்டில் எழுதி வட்டைச் சேர்ந்ததை உறுதிப்படுத்துதல், நினைவகப் பொருளை மாற்றுதல், ‘சேமிக்கப்பட்டது’ என விடையளித்தல் என்பதே அவ்வரிசை. பொருளை முதலில் மாற்றிப் பின்னர் எழுதினால், இடையில் மின்சாரம் தடைப்படும்போது பிறர் ஏற்கெனவே படித்துவிட்ட ஒரு திருத்தம் இல்லாமற்போகும். எழுதியபின், விடையளிக்கும் முன் தடை நேர்ந்தால் திருத்தம் இருக்கும். ஆனால் பதிப்பாசிரியர் அதை அறியார், மீண்டும் அனுப்புவார். ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் தனி அடையாள எண் தரப்பட்டு, இரண்டாவது வருகை புறக்கணிக்கப்பட வேண்டும். பாதி எழுதப்பட்ட கடைசிக் கட்டளையை இனங்காணச் சரிபார்ப்பெண்ணும் தேவை.

கட்டளை எத்தனை முறை இயக்கினாலும் ஒரே விளைவைத் தர வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. ‘திருத்திய நேரம்’ என்னும் புலத்தைக் கட்டளை இயங்கும்போது கடிகாரத்திலிருந்து பெற்றால், மீள இயக்கும் நாளில் எல்லாத் திருத்தங்களும் அன்று செய்தனவாகிவிடும். யார் எப்போது ஒரு சொற்பொருளைச் சேர்த்தார் என்னும் வரலாறே குலைந்துபோகும். எனவே நேரம் கட்டளைக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். பாதியில் பிழைபடும் கட்டளையிலிருந்து காக்க, பிரிவெய்லர் ஓர் உத்தியைக் கையாண்டது. மன்னர் உண்ணும் முன் உணவைச் சுவைத்துப் பார்ப்பவரைப் போல, கட்டளை முதலில் ஒரு படியில் இயக்கிப் பார்க்கப்படும். பிழைபடின் அப்படியே கைவிடப்படும். இதற்கு விலை, இருமடங்கு நினைவகம்.

எழுதியதை வட்டு உண்மையாகவே ஏற்றதா என்பதும் கருதத்தக்கது. இயக்க அமைப்பு எழுத்தைத் தன் இடையகத்தில் வைத்துக்கொண்டு பின்னரே வட்டிற்கு அனுப்புகிறது. எஃப்சிங்க் என்னும் அழைப்பே உடனடி அனுப்புதலை வற்புறுத்துகிறது. ரெடிஸின் சேர்ப்புப் பதிவேடு இயக்கப்பட்டாலும், அதன் இயல்பமைவில் இவ்வழைப்பு நொடிக்கு ஒருமுறை நிகழ்வதால், ஏறத்தாழ ஒரு நொடியின் எழுத்துகள் இழக்கப்படலாம். தேடல் எண்ணிக்கைக்கு இவ்விழப்பு பொறுக்கத்தக்கது. ‘சேமிக்கப்பட்டது’ எனப் பதிப்பாசிரியருக்குச் சொல்லப்பட்ட திருத்தத்திற்குப் பொறுக்கத்தக்கதன்று.

7. நிரல் மாறும்போது

பொருள்களை அப்படியே தொடராக்கிச் சேமிப்பதில் காலம் சார்ந்த இடர் ஒன்றுண்டு. சேமித்த வடிவம் அன்றைய இனக்குழுவின் வரையறையைச் சார்ந்தது. ஜாவாவில் பதிப்பு அடையாள எண்ணை வெளிப்படையாக அறிவிக்காமல் ஒரு புலத்தைச் சேர்த்தாலும், பழைய படிமத்தைப் படிக்கும்போது பிழை எழும். அகராதித் திட்டங்கள் பல்லாண்டு நீள்பவை. நிரல் எழுதியவர் திட்டத்தை விட்டு நீங்கியபின்னும் தரவு தொடர வேண்டும். ஆதலின் நிலைப்படிமத்துடன், ஜேசன் அல்லது எக்ஸ்.எம்.எல். போன்ற, நிரலைச் சாராது படிக்கத்தக்க வடிவிலும் முழுத் தரவையும் காலமுறைப்படி வெளியிட்டு வைத்தல் இன்றியமையாதது. கட்டளைகளின் பெயரும் புலங்களும் மாறும்போது, பழையவற்றைப் புதியவையாக மாற்றும் வழியும் நிரலில் பேணப்பட வேண்டும்.

8. முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து பெறப்படுவன வருமாறு:

1. நினைவகத்தில் பொருளின் ஆயுளைச் சுட்டுகளே தீர்மானிக்கின்றன. கோரிக்கை, அமர்வு, செயலி என்னும் எல்லைகளைத் தரவின் தன்மைக்கேற்பத் தெரிவு செய்ய வேண்டும். அமர்வில் பொருளுக்கு மாற்றாக அடையாள எண்ணை வைத்தல் நலம்.

2. இழைப் பூட்டு நொடிப்பொழுது முரண்களையே தடுக்கும். மனிதர்க்கிடையிலான முரண்களுக்குப் பதிப்பெண் தேவை.

3. தமிழ்ச் சரங்களை இயல்வடிவப்படுத்தாமல் திறவாகக் கொண்டால், ஒரு சொல்லுக்கு இரு பொருள்கள் உருவாகும்.

4. முழு அகராதியையும் நினைவகத்தில் வைத்தல் இயலும். ஆனால் ஒவ்வொரு திருத்தமும் நினைவகத்தை மாற்றும் முன் வட்டில் உறுதிப்பட வேண்டும்.

5. நீண்டகாலப் பாதுகாப்பு நிரலைச் சாராத தரவு வடிவத்தையே சார்ந்திருக்கிறது.

மொழித்தரவுத் திட்டம் ஒன்றை ஏற்கும் துறையினர் நிரலரிடம் கேட்க வேண்டிய முதல் வினா ‘எவ்வளவு விரைவு?’ என்பதன்று, ‘இந்நொடியில் மின்சாரம் நின்றால் எத்திருத்தம் எஞ்சும்?’ என்பதே. இவ்வினாவிற்கு வடிவமைப்பு நிலையிலேயே விடை காணப்படின், பதிப்பாசிரியர் பலரின் உழைப்பு வழங்கியின் ஆயுளைக் கடந்தும் நிலைபெறும்.